எந்த சிலிண்டர் என்று மட்டும் சொல்லும்

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்ததா இல்லையா என்பதைப் பெரும்பாலான கார்களில் கம்ப்யூட்டர் நேரில் பார்ப்பதில்லை. அது கவனிப்பது கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் ஒரு பல்சக்கரத்தை. பல வண்டிகளில் 60 பல்லுக்கு இடம் வகுத்து, அடையாளத்துக்காக இரண்டை விட்டுவிட்டு 58 வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்க எடுக்கும் நேரம்தான் அதற்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. ராட்டினத்தை நாலு பேர் முறைவைத்துத் தள்ளும்போது ஒருவர் கையை எடுத்தால் அந்த இடத்தில் வேகம் தளருமே, அதேதான். நாலு சிலிண்டர் வண்டி 3000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நொடிக்கு 100 தடவை தீப்பற்ற வேண்டும். அதில் எது தவறியது (அதுதான் மிஸ்ஃபயர்), யாருடைய முறை என்பது கேம் ஷாஃப்ட் சென்சாரையும் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது கம்ப்யூட்டரின் சந்தேக புத்தி. குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரத்தின் உதறல் கியர்பாக்ஸ் வழியாக ஏறி கிராங்கையும் ஆட்டும்; கணக்கில் அதுவும் மிஸ்ஃபயர் மாதிரியே தெரியும். அதனால் பல வண்டிகளில் ஏபிஎஸ் சென்சாரை விசாரித்து, ரோடுதான் மோசம் என்றால் கணக்கை நிறுத்திவைக்கிறது. நம் ஊரில் அது எத்தனை நேரம்தான் வேலை பார்க்கிறதோ! பல் வெட்டியதில் உள்ள நுணுக்கமான வித்தியாசத்தைக்கூட, ஆக்சிலரேட்டரிலிருந்து நாம் காலை எடுத்து பெட்ரோல் நின்றிருக்கும் நேரமாகப் பார்த்து அளந்து வைத்துக்கொள்கிறது.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் இரண்டு நாள் கழித்துக்கூட வண்டியைக் காட்டலாம். மினுக்கினால் அப்படியில்லை. 200 சுற்றுக்குள் தவறியவை அளவு மீறிவிட்டன என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும்; சூட்டில் உள்ளே இருக்கும் பீங்கான் உருகவும் கூடும். ஓரம் கட்டிவிடுவதே நல்லது.

ஸ்கேனர் மாட்டியதும் பி0302 என்று ஒரு கோடு (code) வரும்: இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனே போய்விட்டதா என்பதெல்லாம் அதில் இருக்காது. கோடைப் பார்த்த கையோடு காயிலுக்கு பில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. என் வண்டிக்கு இந்தக் கோடு வந்தபோது மெக்கானிக் இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றி மாட்டினார். கோடை அழித்துவிட்டு, "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார்" என்றார். காயில்தான் கோளாறு என்றால் இப்போது பி0303 வர வேண்டும். மறுபடியும் பி0302.

"காயில் நல்லாத்தான் இருக்கு. பிளக்கைக் கழட்டிருவோம்."

வெள்ளைப் பீங்கானில் நெடுக ஒரு விரிசல். ஸ்பார்க் அந்த வழியாகவே வெளியே ஓடியிருக்கிறது. நாலு பிளக்கையும் சேர்த்தே மாற்றினோம். ஒரு காயில் விலைகூட ஆகவில்லை.