அடைமழையில் அம்பாஸிடர்

எனக்கும் எங்கள் வீட்டு மோட்டார் வண்டிக்கும் ஒரே பிராயம். இருவரும் 1978-ஆம் வருஷத்தில் இவ்வுலகைக் கண்டோம். நான் பிறந்தது மாயவரத்தில். அது பிறந்தது வங்காளத்தில், ஹூக்ளி நதிக்கரையிலுள்ள உத்தர்பாராவில். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கில வண்டியை மாதிரியாகக் கொண்டு அங்கே 1957 முதல் 2014 வரையில் அம்பாஸிடர் வண்டிகளைச் செய்து வந்தார்கள். எங்கள் வண்டியை என் தகப்பனார் 1989-ல் பழையதாகவே வாங்கினார். அன்று முதல் அதற்கு வைத்தியர், சாரதி, தாதி எல்லாம் அவர்தாம். எனக்கு அதில் ஏறி உட்காருவதைத் தவிர வேறு சம்பந்தம் இருந்ததில்லை.

இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கிறவன். மின்தூண்டல் என்னும் பாடத்தை இருபது வருஷங்களாகப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். முதற் சுருள், இரண்டாம் சுருள், சுற்றுகளின் விகிதம் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த இரண்டு சுருள்களும் என் வீட்டு வாசலில், பானெட்டுக்கு அடியில், ஒரு சிறு டப்பாவுக்குள் குடியிருக்கின்றன என்பதைப் பற்றி மாத்திரம் நான் யோசித்ததே கிடையாது.

2022 நவம்பரில் எங்கள் ஜில்லாவில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சீர்காழியில் ஒரே நாளில் ஏறக்குறைய 44 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அப்போது என் தகப்பனாருக்கு எழுபத்தெட்டு வயது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு நாள் கும்பகோணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இரத்த சுத்திகரிப்புச் செய்துகொண்டு வந்தார். சனிக்கிழமை முறை மழையினால் தவறிப் போயிற்று. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வந்தால் இடம் தருவதாகச் சொன்னார்கள். ஞாயிறு இரவே அவருக்குக் கால்கள் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டிற்று. ஆகையால் நாற்காலியில் சாய்ந்தபடியே இரவைக் கழித்தார்.

வாடகைக் கார்க்காரர்கள் சாலையில் தண்ணீர் நிற்கிறதென்று வர மறுத்துவிட்டார்கள். 108 வண்டியைக் கூப்பிடலாமென்றால் அப்பா சம்மதிக்கவில்லை. "வெள்ளத்தில் யாருக்காவது உயிர் போகிற அவசரமாயிருக்கும். நம் வண்டிதான் இருக்கிறதே" என்றார்.

வண்டி இருந்தது. காலை நான்கு மணிக்குச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் 'கர்ர், கர்ர்' என்று உற்சாகமாகவே சுற்றிற்று. எஞ்சின் மட்டும் பேசவில்லை. சோக்கை இழுத்தேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பினேன். பெட்ரோல் வாசனை வீதி முழுவதும் கமழ்ந்தது. 'கர்ர், கர்ர்' என்பது வரவரக் 'கிர்ர்...கிர்' என்று ஈன சுரமாயிற்று. என் கை நடுங்கத் தொடங்கியது. வண்டிக்காகவா நடுங்கியது? திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மூச்சின் ஓசைக்காக.

"நிறுத்துடா! பாட்டரியைச் சாகடிக்காதே" என்றார் அப்பா.

நிறுத்தினேன்.

"ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. ஆகவே பாட்டரி சரி. பெட்ரோல் வாசனை எனக்கே வருகிறது. ஆகவே பெட்ரோலும் சரி. பாக்கி என்ன?"

இந்தக் கேள்வியை நான் அல்லவா மாணாக்கனிடம் கேட்க வேண்டும்? "மின்பொறி" என்று முணுமுணுத்தேன்.

"பானெட்டைத் திறந்து வை. பத்து நிமிஷம் போகட்டும். பெட்ரோல் ஆவி கலைந்த பிறகு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, மருமகளைச் சாவியைத் திருப்பச் சொல். நீ எட்ட நின்று எஞ்சினைப் பார்."

அப்படியே செய்தோம். பத்து நிமிஷங்கள் பத்து யுகங்களாகக் கழிந்தன. பிறகு கும்மிருட்டில் என் மனைவி சாவியைத் திருப்பினாள். அப்போது நான் கண்டதை இன்னும் மறக்கவில்லை. டிஸ்டிரிபியூட்டரின் கறுத்த மூடியின்மீது நீல நிறத்தில் மெல்லிய இழைகள் ஓடின. புழுவைப்போல நெளிந்து இரும்பைத் தொட்டு மறைந்தன, மறுபடி ஓடின. பிளக்குகளுக்குள் போய் வெடிக்க வேண்டிய பொறி, வழியிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது!

விஷயம் இதுதான். பாட்டரி தருவது 12 வோல்ட்டு மின்சாரம். அது முதற் சுருளில் ஓடும்போது பாயிண்ட் என்னும் சிறு கதவு திறந்து சட்டென்று அதைத் துண்டிக்கிறது. அந்தக் கணத்தில் இரண்டாம் சுருளில் பதினையாயிரம், இருபதினாயிரம் வோல்ட்டு வேகம் பிறக்கிறது. டிஸ்டிரிபியூட்டர் அதை வாங்கி நான்கு பிளக்குகளுக்கும் முறைப்படி பங்கிடுகிறது. கெட்டரிங் என்ற அமெரிக்கர் வகுத்த இந்த ஏற்பாடு 1910-ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டிகளில் வந்தது. பல பத்தாண்டுகள் உலகத்து வண்டிகளையெல்லாம் ஆண்டது. ஆனால் அவ்வளவு வேகமுள்ள மின்சாரம் பொல்லாதது. பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிடச் சுலபமான வழி கிடைத்தால் அதிலேயே போய்விடும். மூடியின்மேல் தூசும் எண்ணெயும் படிந்து, அதன்மேல் ஈரமும் படர்ந்தால் அதுவே ராஜபாட்டை. போதாக்குறைக்கு, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாட்டரியின் 12 வோல்ட்டு ஒன்பது, பத்துக்கு இறங்கிவிடுகிறது. பொறியும் அந்த அளவுக்கு நலிகிறது. நான் ஆத்திரத்துடன் சாவியைத் திருப்பிய ஒவ்வொரு தடவையும் காரியத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

"மூடியைக் கழற்றி வா. பிளக்குகளையும் கழற்று. கம்பிகள் கலந்துவிடுமென்று பயப்படாதே, தடவிப் பார்" என்றார்.

தடவிப் பார்த்தேன். நான்கு கம்பிகளிலும் நூல் கட்டியிருந்தது. ஒன்றில் ஒரு முடிச்சு, இன்னொன்றில் இரண்டு, மூன்று, நான்கு. இருட்டில் நடுவழியில் நின்றுபோனால் விரலாலேயே எண்ணிக்கொள்வதற்காக எந்தக் காலத்திலோ அவர் கட்டி வைத்தவை. எஞ்சினில் வெடிப்பு நிகழும் முறை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. சிறு வயதில் அவர் இதை ஏதோ மந்திரம்போல் முணுமுணுத்துக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்திருப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

மூடியை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது உட்புறத்தில் பென்ஸிலால் கிழித்தாற்போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. மயிரிழைப் பிளவு ஒன்றில் பொறி ஓடி ஓடிக் கரியாகிவிட்டது. கரி மின்சாரத்தைக் கடத்தும். எனவே ஈரத்தைத் துடைத்தால் மாத்திரம் போதாது. பேனாக்கத்தியால் அந்தக் கோட்டைச் சுரண்டி எடுத்தேன். பிறகு அப்பா, "குழந்தையின் நகச்சாயம் இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்குச் சித்தப் பிரமையோ என்று சந்தேகம் தட்டிற்று. ஆனால் என் மகள் உடனே ஓடிப்போய்ச் சிவப்புச் சாயக் குப்பியைக் கொண்டுவந்து, சுரண்டிய இடத்தில் அழகாகப் பூசிவிட்டாள். சாயம் உலர்ந்தால் மின்சாரம் புகாத மேற்பூச்சாகிவிடுகிறது. அது நன்றாக உலருகிற வரையில் பொறி படக்கூடாது என்று அப்பா இரண்டு தடவை எச்சரித்தார். இதற்குள் என் மனைவி பெட்ரோலில் நனைந்திருந்த பிளக்குகளைத் துடைத்து, தோசைக்கல்லில் போட்டுச் சூடேற்றினாள். பின்னர் மூடியையும் ஒரு துணியில் சுற்றி, அடுப்பை அணைத்து ஆறவிட்ட கல்லின்மேல் வெதுவெதுப்பாக வைத்து எடுத்தாள். அன்று காலை எங்கள் வீட்டுத் தோசைக்கல்லில் தோசை ஒன்றுதான் வேகவில்லை.

ஐந்து மணி இருபது நிமிஷத்துக்கு ஒரே திருப்பில் எஞ்சின் உயிர் பெற்றது. ஆஸ்பத்திரியை அடைந்தபோது ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. இடத்தை எங்களுக்காக வைத்திருந்தார்கள். தண்ணீர் இறங்கி, மூச்சு சீரான பிற்பாடு அப்பா கேட்ட முதற் கேள்வி, "வண்டிமேல் என்னடா போட்டு மூடியிருந்தாய்?" என்பது.

அதுதான் குற்றவாளி. முந்தின மாதம் நான் அன்போடு வாங்கிப் போர்த்திய பிளாஸ்டிக் தார்ப்பாய்! மேலிருந்து விழும் மழையை அது தடுத்தது வாஸ்தவம். ஆனால் மண் தரையிலிருந்து எழும் ஆவியை வெளியே விடாமல் சிறைப்படுத்தியது. இரவில் குளிர்ந்த இரும்பின்மேலும் பேக்லைட்டின்மேலும் அந்த ஆவி பனித்துளிகளாகப் படிந்தது. அப்பா முப்பது வருஷங்களாக அந்த வண்டியை நாலு பக்கமும் திறந்த கீற்றுக் கொட்டகையில் நிறுத்தி வந்ததை நான் சிக்கனம் என்று எண்ணியிருந்தேன். இப்போதெல்லாம் பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறதே, அதுவும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் வஸ்து. அந்த வருஷத்தில் நூற்றுக்குப் பத்தாக இருந்த கலப்பு 2025-ல் இருபதாகிவிட்டது. வாரக்கணக்கில் நிற்கும் பழைய வண்டிக்கு இது இன்னொரு தலைவலி; ஆனால் அது தனிக் கதை.

புதிய மூடி, ரோட்டார், கம்பிகள் எல்லாம் தஞ்சாவூரில் கிடைத்தன. பழைய நூல்களை அவிழ்த்துப் புதுக் கம்பிகளில் கட்டினேன். அப்பா அருகில் உட்கார்ந்து முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். அதற்கு அடுத்த தை மாதத்தில் அவர் காலமானார். வண்டியை விற்றுவிடும்படி சொல்லாதவர்கள் இல்லை.

சென்ற ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. ஓர் இரவு பானெட்டைத் திறந்து, விளக்கை அணைத்து, மகளை எட்ட நின்று பார்க்கச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

"நீலமாக ஏதாவது ஓடுகிறதா?" என்று கேட்டேன்.

"ஒன்றும் தெரியவில்லை, அப்பா. ஒரே இருட்டு" என்று சொல்லி முடிப்பதற்குள் எஞ்சினின் சப்தம் அவள் குரலை அமுக்கிவிட்டது.