தொப்பிக்கார மனிதனும் ஒரு முன்னொட்டும்

ஆங்கிலக் கதையொன்றை இந்தோனேசிய மொழியில் பெயர்ப்பவருக்குப் பெரிய சொற்களைவிட, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும் சின்னஞ்சிறு இடைச்சொற்களே அதிகச் சிரமம் தருகின்றன என்பது, அம்மொழியைப் பொழுதுபோக்காகப் பயின்றுவரும் என் அபிப்பிராயம். மேஜைமீது, பள்ளியில், வாசலருகே என ஆங்கிலம் தனித்தனிச் சொற்களால் பிரித்துக் காட்டும் ஸ்தானங்கள் பலவற்றுக்கு அங்கே 'டி' என்ற ஒன்றே ஆதாரம். 1972-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை அதை அடுத்த சொல்லோடு ஒட்டியே எழுதிவந்தார்கள் என்பது வேறு விஷயம்.

சுவாரசியம் அதிலன்று. தொப்பியோடு ஒருவன் கதைக்குள் பிரவேசித்தால், சொல்லுக்குச் சொல் தேடும் புதியவர் 'உடன்' என்று பொருள்படும் 'டெங்கான்' என்பதைப் போட்டுவைக்க, கைதேர்ந்தவரோ அதை அடியோடு கைவிட்டு, 'பெர்' என்ற முன்னொட்டைத் தொப்பிக்கே சூட்டி, 'லெலாகி பெர்தோப்பி' என்று இரண்டே சொற்களில் ஆளை நிறுத்திவிடுகிறார். ('தோப்பி' நமக்குப் பழகிய அதே தொப்பிதான்.) ஆற்றுக்குக் குறுக்கே ஒருவன் நீந்தினாலோ, அந்தக் 'குறுக்கே' என்பது 'மெஞெபெராங்கி' என்னும் வினையாகவே உருமாறிவிடுகிறது, நாமும் 'ஆற்றை நீந்திக் கடந்தான்' என்றுதானே எழுதுகிறோம்!

பக்கத்துக்குப் பக்கம் 'டெங்கான்' மலிந்து கிடக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களை, அவற்றின் மூலம் எத்துணை கீர்த்தி பெற்றதாயினும், நான் இரண்டாம் அத்தியாயத்துக்கு மேல் படிப்பதில்லை.