மெஷின் சொன்னதும் பெண் சொன்னதும்

தையல் கலையில் எனக்குள்ள பரிச்சயம், கழன்று விழுந்த சட்டைப் பித்தானைத் தேடி எடுத்து வீட்டாரிடம் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. ஆயினும், சென்ற மே மாதக் கடைசியில் ஈரோட்டில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு தையல் மெஷினுக்கு நடந்த வைத்தியத்தை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

கணவனை இழந்த என் தங்கை, கடன் வாங்கி மூன்று மெஷின்கள் போட்டுப் பிழைத்து வருகிறாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் 300 உடுப்புகள் தைத்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

இவை நம் பாட்டிமார் காலால் மிதித்த மெஷின்கள் அல்ல. மின்சார மோட்டாரால் ஓடுபவை; நிமிஷத்துக்கு 4,000 தையல் போடக் கூடியவை. ஒவ்வொரு தையலுக்கும் ஊசிக்குக் கீழேயுள்ள ஷட்டில் இரண்டு சுற்றுச் சுற்றவேண்டும். அப்படியானால் நிமிஷத்துக்கு 8,000 சுற்று! தேக அசௌக்கியம் ஏற்பட்டால், மெஷின் தன் சிறு கண்ணாடித் திரையில் ஓர் எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

அன்று காலை ஒரு மெஷின் அப்படித்தான் நின்றது. புத்தகத்தைப் புரட்டி, "மோட்டார் இறுகிவிட்டது" என்று நான் கம்பீரமாகப் படித்தேன். ஒரு கம்பெனி மெஷினில் மோட்டாரைக் குறிக்கும் எண், இன்னொரு கம்பெனி மெஷினில் வேறெதையோ குறிக்குமாம். நல்ல வேளையாக, புத்தகம் அதே மெஷினுடையதுதான். அணைத்துப் போட்டார்கள், இரண்டு தையல் ஓடி மறுபடியும் அதே எண். டெலிபோனில் கேட்ட மெக்கானிக், "மோட்டார் போயிருக்கும். வர மூன்று நாள் ஆகும்" என்றார். புது மோட்டாரின் விலையைக் கேட்டதும் என் தங்கையின் முகம் வெளுத்தது. கோபம் முழுவதும் அந்த மெஷினில் தைத்துக்கொண்டிருந்த பெண்ணின் மேல் திரும்பிற்று. "என்னடி செய்தாய்?" என்றாள். அந்தப் பெண் பதில் பேசவில்லை.

சற்று நேரம் கழித்து என் தங்கை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். ஒரு விரலால் சுற்றவேண்டிய சக்கரம், ஓரிடத்தில் பிடிவாதமாக நின்றது. "கையால் சுற்றினாலே சுற்றவில்லையே, அண்ணா! மோட்டார் பாவம், என்ன செய்யும்?" என்றாள்.

மெஷினின் தலையைச் சாய்த்து, ஊசியையும் பாபின் கேஸையும் கழற்றினாள். ஷட்டிலைச் சுற்றி அறுந்த நூல் சிக்கிக் கிடந்தது. அதன் மேல் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாக இறுகியிருந்தன. கால் மணி நேரம் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டதும் சக்கரம் சுழன்றது. மின்சாரம் கொடுத்தாள். உடனே வேறோர் எண்! ஆனால் இம்முறை யாரும் அஞ்சவில்லை. சாய்த்த தலை சரியாகப் பதியவில்லை என்பதே அதன் பொருள். அழுத்திப் பதித்ததும் மெஷின் ஓடியது. மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. காய்ச்சல் இத்தனை டிகிரி என்று சொல்லும் கருவி, காய்ச்சல் எதனால் வந்தது என்று சொல்லுமா?

அப்போதுதான் அந்தப் பெண் மெல்ல வாய் திறந்தாள். "நேத்துச் சாயங்காலமே சத்தம் வேற மாதிரி இருக்குதுன்னு சொன்னேனுங்க, அக்கா. வேலையைப் பாருன்னுட்டீங்க."

என் தங்கை தலை குனிந்தாள். எனக்குங்கூட வெட்கமாயிருந்தது. கண்ணாடியில் தெரிந்த எண்ணுக்காகப் புத்தகத்தைப் புரட்டினோம், டெலிபோன் செய்தோம். மனுஷி சொன்ன வார்த்தையையோ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை! 1924-இல் யந்திரங்களைப் பற்றிப் பேசியபோது காந்தியடிகள் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். எதிலும் மனிதரே முதன்மை என்பது அவர் கட்சி. அந்த விலக்குக்கு நாங்கள் அன்று பாத்திரமாக நடந்துகொள்ளவில்லை.

உடுப்புகள் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தன. இப்போதெல்லாம் மாலையில் மெஷின்களைத் துடைக்கும்போது, என் தங்கை தவறாமல் அந்தப் பெண்ணிடம் கேட்கிறாளாம்: "இன்றைக்குச் சத்தம் எப்படி இருந்தது, கண்ணு?"