செம்மண் தோட்டத்தில் இளவேனில்

வசந்தகாலம் என்றவுடன் ஆங்கிலப் பாடநூல்களிற் பயின்ற நம் மாணவர் பலருக்குப் பனி உருகுவதும், புல்வெளியிலே மஞ்சட் பூக்கள் தலையசைப்பதும் நினைவுக்கு வருகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் உருகுதற்குப் பனிமலையும் இல்லை. பெருகுதற்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஓர் ஆறும் இல்லை. ஆயினும் இளவேனில் நம்மிடம் வந்தே தீருகின்றது. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என முன்னோர் வகுத்தனர். தோட்டஞ் செய்வோருக்கு அது பங்குனி பிறந்தவுடனேயே தொடங்கிவிடுகின்றது. காலைப் பனி குறைகின்றது. வேம்பு பூத்து முற்றமெங்கும் வெண்பொரி சிதறுகின்றது. மாமரத்திற் பிஞ்சு தெரிகின்றது. செண்பகம் வேலியோரத்திற் குரல் கொடுக்கின்றது. இவ்வழகு அனைத்துக்கும் அடியிலே ஒரு கணக்கு இருக்கின்றது. அது தண்ணீர்க் கணக்கு.

சென்ற பங்குனியில் ஒரு சனிக்கிழமை, பழைய மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்றுப் புத்தூர்ப் பக்கத்திலுள்ள அவருடைய தோட்டத்துக்குச் சென்றேன். நகரிலிருந்து பருத்தித்துறை வீதியாற் செல்லும் பஸ், நல்லூரையும் இருபாலையையும் கோப்பாயையும் கடந்து நீர்வேலியை அடைகின்றது. நீர்வேலி வாழைக்குலைக்குப் பேர்போன ஊர். வலப்பக்கத்தில், அரிவுவெட்டு முடிந்த வயல்களில் மாடுகள் மேய்கின்றன. அவற்றுக்கப்பால் உப்பங்கழி வெயிலில் மின்னுகின்றது. இடப்பக்கமோ செம்மண் தோட்டங்கள். வெங்காயத்தாளின் பச்சையும், புதிதாய்க் கொத்திய மண்ணின் சிவப்பும் பாத்தி பாத்தியாக மாறி மாறி வருகின்றன. உப்பு ஒரு கரையிலும் உயிர் மறு கரையிலுமாக நடுவே வீதி ஓடுவதை இங்கே கண்ணாற் காணலாம். பயணம் செய்யும் மாணவர் இதனை மனத்திற் குறித்துக்கொள்ளுதல் நன்று. பின்னர் சொல்லப்போவதற்கு இது வேண்டியிருக்கும்.

புத்தூர்ச் சந்தியில் இறங்கிச் சுன்னாகம் நோக்கிச் செல்லும் வீதியிற் சிறிது தூரம் போனால் நிலாவரைக் கிணறு இருக்கின்றது. இராமபிரான் தாகம் தணிக்க அம்பு ஊன்றிய இடம் என்பது ஐதிகம். சுண்ணக்கற் பாறை கரைந்து குழிந்ததால் உண்டான இயற்கைக் கிணறு என்பது புவியியல். அதன் மேல்நீர் நன்னீர். ஆழத்து நீர் உப்பு. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு நான் தோட்டத்துப் படலையைத் திறந்தேன்.

தோட்டம் எட்டுப் பரப்பு. பதினாறு பரப்பு கொண்டது ஓர் ஏக்கர் ஆதலால், இஃது அரை ஏக்கர். மூன்று பரப்பில் வெங்காயம், இரண்டு பரப்பில் மிளகாய், ஒன்றிற் கத்தரியும் பயிற்றையும், எஞ்சியதில் வாழையும் வீடும் ஆட்டுக்கொட்டிலும். கிணற்றடியில் ஒரு பூவரச மரம். அதன் கீழ்ச் சூலம் நாட்டிய வைரவர். வீட்டில் ஐவர் வாழ்கின்றனர். மனைவியின் தந்தையார் எண்பதைக் கடந்தவர். அவரைப் பேரப்பிள்ளைகளும் அயலாரும் 'அப்பு' என்றே அழைக்கின்றனர். காணி அவர் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. மருமகனே என் பழைய மாணவர். மகன் தொழில் தேடிக்கொண்டிருக்கின்றான். மகள் உயர்தர வகுப்பில் உயிரியல் பயில்கின்றாள்.

"வாருங்கோ மாஸ்டர், நல்ல நேரத்திலை வந்திருக்கிறியள். இண்டைக்கு எங்கடை முறை" என்றார் அப்பு. முறை என்றது இறைப்பு முறையை. அவ்வொரு சொல்லே அந்த வீட்டின் நாளை நடத்துகின்றது.

இறைப்பு முறை வரும் நாளில் வீடு நான்கரை மணிக்கே விழித்துவிடும். அம்மையார் முற்றம் கூட்டிச் சாணநீர் தெளித்துப் பாலைக் கறந்து, பனங்கட்டியுடன் தேநீர் கொடுக்கின்றார். கிழக்கு வெளுக்கும்போது இறைப்பு இயந்திரம் முழங்கத் தொடங்குகின்றது. சீமெந்து வாய்க்காலில் ஓடிவரும் நீரை மண்வெட்டியால் வாய் வெட்டியும் அடைத்தும் பாத்தி பாத்தியாக மாற்றிவிடுகின்றவள் மகள். ஒரு பாத்தி நிறைந்து ததும்புமுன் அடுத்ததன் வாயைத் திறக்க வேண்டும்; பிந்தினால் வரம்பு உடையும், முந்தினால் வேர் நனையாது. நான்கு அடிக்கு ஒருமுறை குனிந்து நிமிர்ந்து அவள் செய்த வேலையைப் பார்த்தபோது, பரீட்சை மண்டபத்தில் அவள் காட்டவேண்டிய நிதானம் முழுவதையும் இங்கேயே பழகிவிட்டாள் என்று எண்ணினேன்.

அக்காலத்தில் இவ்வேலைக்கு மூவர் வேண்டும். ஒருவர் துலா மிதிப்பார். ஒருவர் பட்டை பிடித்து ஊற்றுவார். ஒருவர் தண்ணீர் கட்டுவார். துலாவின் மேல் முன்னும் பின்னும் நடப்பவருக்குக் கால் தவறினாற் கிணறு காத்திருக்கும். கைகால் களைத்தவுடன் இறைப்பும் நின்றது. அதனாற் கிணறும் இளைப்பாறியது. 1950களிலும் அதன் பின்னரும் மண்ணெண்ணெயால் இயங்கும் இயந்திரங்கள் ஊரூராகப் பரவின. மனிதரின் முதுகு பிழைத்தது. ஆனால், "மெஷினுக்குக் களைப்பு இல்லை மாஸ்டர், அதுதான் பிழை" என்கிறார் அப்பு.

வெயில் ஏறியதும் வெங்காயம் கிண்டும் வேலை. முன்னதாக நட்ட ஒரு பரப்பில் தாள் சாய்ந்துவிட்டது. கிண்டிய வெங்காயத்தை மண் உதறிப் பரப்பிக் காயவிட்டு, தாளோடு சேர்த்துப் பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தூக்குகின்றனர். விற்பதற்கு ஒரு பங்கு. அடுத்த போகத்து விதைக்கு ஒரு பங்கு. விதை வெங்காயத்தை எக்காரணங் கொண்டும் விற்பதில்லை என்பது வீட்டுச் சட்டம். பக்கத்துத் தோட்டத்திற் புகையிலை வெட்டு நடந்தது. இப்பயிர் முன்போல் இல்லையெனினும், பொச்சுமட்டைப் புகையிற் குடிலுக்குள்ளே பாடம் போடும் வாசனை பங்குனிக் காற்றில் இன்னும் சில ஊர்களில் வருகின்றது.

பதினொரு மணிக்குப் பூவரச நிழலில் அனைவரும் கூடினோம். மோர் கரைத்த பழஞ்சோறு, பொரித்த மோர்மிளகாய், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். மகன் பனையடியிலிருந்து கருப்பணி கொண்டுவந்தான். பனையோலைப் பிளாவில் வார்த்த கருப்பணியையும் அதற்குத் துணையான மாங்காய்க் கீற்றையும் பற்றி எழுதப் புகுந்தால் இக்கட்டுரை வேறு திசையிற் போய்விடும். சுவைத்தவர் அறிவர், சுவையாதவர் தை முதல் வைகாசி வரையுள்ள காலத்தில் ஒருமுறை சுவைத்தறிக.

பிற்பகலில் வேலியடைப்பு. மழைக்காலத்தில் உக்கிய ஓலையை நீக்கிப் புது ஓலை வைத்துக் கட்டுவதும், பட்ட கதியாலைப் பிடுங்கிப் புதியதை நடுவதும் இப்பருவத்து வேலைகள். நீக்கிய ஓலை வீண்போவதில்லை. அது பூவரசங்குழையுடன் சேர்ந்து மண்ணுக்குள்ளே தாழ்க்கப்படுகின்றது. 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது இவ்வீட்டிலும் விளைச்சல் குறைந்தது. ஆயினும், குழை தாழ்த்து ஆட்டெருவும் இட்டிருந்த பாத்திகள் ஓரளவு தாக்குப்பிடித்தன என்கின்றனர். இப்போது இரண்டையும் அளவோடு கலந்து பயன்படுத்துகின்றனர்.

பங்குனித் திங்களில் அம்மையார் மட்டுவிற் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குப் பொங்கச் செல்வார். சித்திரை பிறந்ததும் மருத்துநீர், கைவிசேடம். இளைஞருக்குப் போர்த்தேங்காயும் மாட்டுவண்டிச் சவாரியும். சித்திரைப் பௌர்ணமியன்று, மறைந்த தாயை நினைந்து அப்பு விரதமிருப்பார், கோயிலிற் சித்திரபுத்திரனார் கதை படிப்பார்கள், கஞ்சி வார்ப்பார்கள். இவற்றுக்கிடையே மிளகாய் முதற்பழம் எடுக்கும் பருவமும் வந்துவிடும். கொண்டாட்டம் இறைப்பு முறையை மாற்றுவதில்லை. புதுவருடப் பிறப்பன்று முறை வந்தாலும், மருத்துநீர் வைத்து முழுகிய தலையோடு வாய்க்காலுக்கே போகவேண்டும்.

இனிக் கிணற்றிடம் வருவோம். அது முப்பதடி ஆழம். வெட்டியவர் அப்புவின் தந்தையார். காணி பெண்மக்களுக்குச் சீதனமாகப் பிரிந்தபோது நிலத்தை நான்காக்க முடிந்தது. கிணற்றை நான்காக்க முடியவில்லை. ஆகவே உறுதியில் நிலத்தின் எல்லைகளைச் சொன்னபின், கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் கால் பங்கு எனப் பிரசித்த நொத்தாரிசு எழுதினார். குடாநாட்டிலே பழைய தோட்டக்காணி உறுதிகளிற் காணப்படும் வழக்கம் இது. உள்ளே கற்கட்டில் ஒரு கோடு கீறியிருக்கின்றது. பங்குனி உத்தரத்தன்று நீர் அக்கோட்டுக்கு மேல் நிற்கவேண்டும். கீழே போனால் அவ்வாண்டு நடுகையைக் குறைக்கவேண்டும். இது எழுதாத உடன்படிக்கை.

இக்கோட்டின் பொருளை மாணவர் அறிந்துகொள்ள வேண்டும். நமக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஐம்பது அங்குல மழை. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலே பெய்துவிடுகின்றது. அந்நீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கடல்நீரின் மேலே வில்லைபோல மிதக்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், அதன் கீழே சுமார் நாற்பதடி நன்னீர் தாங்கப்படும் என்பது இயற்பியல் விதி. மேலே ஓரடி குறைந்தால், கீழிருந்து உப்பு நாற்பதடி மேலேறக் காலப்போக்கில் வழி திறந்துவிடும். மட்டமீறி இறைப்பவர் தம் பங்கை மட்டும் செலவழிப்பதில்லை. எல்லோருடைய பங்கையும் உவராக்குகின்றார். இதனோடு, அளவுமீறி இடும் உரம் பாறை வெடிப்புகளினூடே கிணற்றை அடைந்து நைத்திரேற்றாகச் சேர்கின்றது. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நம் தோட்டக் கிணறுகள் பலவற்றில் ஆய்வாளர் அதனிலும் கூடிய அளவைக் கண்டிருக்கின்றனர்.

இக்குடும்பம் பல இடர்களைத் தாண்டியது. 1970ஆம் ஆண்டுக்குப் பின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போயின. இந்த வீட்டுக்கு ஓடு போட்டது அப்பணத்தில். 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, விலை விழுந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தபோது இவர்களும் தென்மராட்சிக்கு நடந்தனர். 1996 சித்திரையில் திரும்பி வந்தபோது தோட்டம் பற்றைக்காடு. கிணற்றிலே சருகும் முறிந்த துலாவும். நான்கு பங்காளரும் சேர்ந்து மூன்று நாள் இறைத்துத் துப்புரவாக்கினர். தெளிந்த நீரிற் கோடு தெரிந்தபோதுதான் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்ற எண்ணம் உண்டாயிற்று என்றார் அம்மையார்.

இப்போதைய இடர் ஆரவாரமின்றி வந்திருக்கின்றது. இரண்டு ஆண்டுகளாகச் சித்திரைக் கடைசியில் தேநீரிற் சவர் தட்டுகின்றது. பங்காளருள் ஒருவர், ஆழமாகக் குழாய்க்கிணறு அடிக்கலாம் என்று யோசனை சொன்னார். அன்று மாலை நால்வரும் பூவரசடியிற் கூடினர். மகள் தன் அப்பியாசக் கொப்பியில் வில்லையின் படத்தை வரைந்து காட்டினாள். "ஆழம் போனால் உப்புத்தான் மாமா கிட்ட வரும்" என்றாள். அவர் நெடுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப என்ன பிள்ளை செய்யிறது?" என்று கேட்டார்.

முடிவு எளிதன்று. முறைக்கு மூன்று மணி நேரமாயிருந்த இறைப்பை இரண்டாக்குவது, வெங்காயத்தில் ஒரு பரப்பை அடுத்த இளவேனிலில் விட்டு அங்கே பயறு விதைப்பது, மழைக்காலத்தில் கூரைநீரையும் ஒழுங்கைநீரையும் வடித்து நிலத்துள் விடக் குழி வெட்டுவது. ஒரு பரப்பு வெங்காயம் என்பது இச்சிறு குடும்பத்துக்கு மகளின் மேற்படிப்புச் செலவில் ஒரு பகுதி. தகப்பன் கணக்குப் பார்த்துக்கொண்டே தலையசைத்தார். வெளிநாடு போவதா, தோட்டத்தில் நிற்பதா என்று இன்னும் தீர்மானியாத மகன், குழி வெட்டும் பொறுப்பைத் தான் ஏற்பதாகச் சொன்னான்.

குடாநாட்டுக்கு வெளியிலிருந்து நீர் கொணரவும், உப்பேரிகளை நன்னீராக்கவும் திட்டங்கள் பல உண்டு. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கோர் ஆறு என்னும் திட்டம் அவற்றுட் புகழ்பெற்றது. அஃது இன்னும் முழுமை பெறவில்லை. அது நிறைவேறும் நாள் நல்ல நாளே. அதுவரை நம் ஆறு நிலத்தடியிலே இருக்கின்றது. அதன் அணை நம் கட்டுப்பாடே.

சித்திரை விடுமுறையிற் பிள்ளைகளை ஏதேனும் ஒரு செம்மண் தோட்டத்துக்கு அழைத்துச் செல்க. வேப்பம்பூவையும் மாம்பிஞ்சையும் காட்டுக. பின்னர்க் கிணற்றடிக்குச் சென்று, நீர் எந்தக் கல்வரை நிற்கின்றது என்று கேட்கச் சொல்லுக. வீட்டில் பழைய உறுதி இருந்தால் எடுத்து, கிணற்றுப் பங்கு எழுதிய வரியை அவர்களைக் கொண்டு வாசிப்பிக்க. கால் பங்கு உடையவர் மற்றை முக்காற் பங்குக்குக் காவலர் என்பதை அவ்வரியிலிருந்து அவர்களே கண்டுகொள்வர்.