வேன் கிளட்ச் ஏன் அதிர்ந்தது? கேட்ட எல்லாருக்கும் பதில்



ஆலய வேனுக்கு என்ன ஆச்சு, ரிப்பேர் பண்ணின வண்டி ஏன் மறுபடியும் பட்டறைக்குப் போச்சு, உபயக் காசு வீணாப் போயிடுச்சான்னு ரெண்டு வாரமா நிறைய பேர் கேட்டுட்டீங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றதைவிட இங்கேயே எழுதிடுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

நம்ம வேன் மானுவல் கியர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வயசானவங்களை வீட்டு வாசல்ல போய் ஏத்திட்டு வர்றதும், அன்னதானத்துக்கு அரிசி, காய்கறி தூக்கிட்டு வர்றதும் அதுதான். போன மாசம் மேட்டுல ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்திச்சு, வண்டி இழுக்கல. கிளட்ச் டிஸ்க் தேய்ஞ்சு போச்சு. டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் செட்டா மாத்தினோம். கூலியோட 1,150 வெள்ளி. வண்டி நல்லா இழுத்துச்சு. ஆனா மூணே நாள்ல, கிளட்ச் பெடல்ல கால் வச்சா பாதத்துல கிறுகிறுன்னு ஒரு அதிர்வு.

அதுக்கப்புறம் வாட்சாப் குழுவுல நடந்தது உங்களுக்கே தெரியும். ஒருத்தர், "ஓட்டுற பையன் கிளட்ச் மேலேயே கால வச்சுக்கிட்டு ஓட்டுறான், அதான்"னு போட்டார். இன்னொருத்தர், "போர்மேன் பழைய சாமானைப் போட்டு ஏமாத்திட்டான், கடை படத்தை ஃபேஸ்புக்ல போடுங்க"ன்னார். வண்டிக்குள்ள யாரும் எட்டிக்கூட பாக்கல. அதுக்குள்ள ரெண்டு பேருக்குத் தீர்ப்பு எழுதியாச்சு. அந்தத் தம்பிக்கு 22 வயசு, சம்பளம் வாங்காம ஓட்டுற பிள்ளை. சாவியைக் கொண்டாந்து ஆபீஸ் மேசையில வச்சுட்டு, "அங்கிள், இனிமே நான் ஓட்டல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். இப்போ இளவட்டங்கள்ல நிறைய பேர் ஓட்டோ லைசென்ஸ்தான் எடுக்குறாங்க. மானுவல் ஓட்டத் தெரிஞ்ச பிள்ளைங்க நம்ம ஆலயத்துல ரெண்டே பேர். தைப்பூசமும் கிட்டக்க வருது.

நாங்க பெரிய படிப்பு படிக்கல, எஸ்பிஎம்தான். ஆனா ஃபேக்டரியில முப்பது வருஷமா மெஷினோட வாழ்றோம். சர்வீஸ் முடிஞ்சு வந்த மெஷின் ஆடினா, யார் மேல தப்புன்னு நாங்க முதல்ல கேக்க மாட்டோம். எப்போ ஆடுது, எப்போ ஆடல, கடைசியா எதைக் கழட்டி மாட்டினாங்க, இதைத்தான் கேப்போம். மெஷின் பொய் சொல்லாது. கேக்குற விதமா கேட்டா அதுவே சொல்லிடும்.

ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிஞ்சதும் தம்பியை வீட்டுல போய் கூட்டிட்டு வந்து, கார் நிறுத்துற இடத்துலயே வச்சு ஒண்ணொண்ணா பாத்தோம்.

முதல்ல எஞ்சினை அணைச்சுட்டு பெடலைப் பத்துத் தடவை மிதிச்சோம். வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. அப்போ பெடலோட புஷ், ஸ்பிரிங் எல்லாம் சரி. பெடல் பஞ்சு மாதிரியும் இல்ல, அதனால ஆயில் லைன்ல காத்தும் இல்ல.

ரெண்டாவது, எஞ்சினை ஓடவிட்டு, கியர் நியூட்ரல்ல, கால் பெடல்ல படாம உட்கார்ந்தோம். ஸ்டீயரிங், சீட் எதுலயும் ஆட்டம் இல்ல. எஞ்சின் மவுண்டிங் மேல சந்தேகம் போச்சு.

மூணாவது, பெடலை மெதுவா அமுக்கினோம். ஆரம்பத்துல வர்ற லூஸ் இடத்துல ஒண்ணும் இல்ல. பேரிங் போய்ப் பிரஷர் பிளேட்டைத் தொடுற இடம் வந்ததும் அதிர்வு ஆரம்பிச்சது. அடிவரைக்கும் மிதிச்சாலும் நிக்கல. ஆக்சிலேட்டரைக் கொடுத்தா அதுவும் கூடவே வேகமாச்சு.

நாலாவது, முதல் கியர் போட்டு கிளட்ச்சை மெல்ல விட்டோம். வண்டி குலுங்காம நகர்ந்துச்சு. டிஸ்க்ல எண்ணெய் பட்டிருந்தா, இல்ல ஃப்ளைவீல் முகம் சூட்டுல கெட்டிருந்தா, இந்த இடத்துலதான் உதறும். அது இல்ல.

இப்போ கணக்கைப் போட்டுப் பாருங்க. நியூட்ரல்ல பெடலை முழுசா மிதிச்சா டிஸ்க் பிரிஞ்சு நின்னுடும். அப்பவும் எஞ்சினோட சேர்ந்து சுத்துறது ஃப்ளைவீலும், அது மேல போல்ட் போட்ட பிரஷர் பிளேட்டும், அதைத் தொட்டுக்கிட்டு இருக்குற பேரிங்கும்தான். பிரஷர் பிளேட்டுக்கு நடுவுல வட்டமா விரல் விரலா ஸ்பிரிங் இருக்கும். எல்லா விரலும் ஒரே மட்டத்துல இருக்கணும். பல வண்டிக் கையேட்டுல அரை மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் கூடாதுன்னு போட்டிருக்கும். ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருந்தா, ஒவ்வொரு சுத்துக்கும் பேரிங்கை ஒரு தட்டு தட்டும். சும்மா ஓடும்போதே எஞ்சின் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 750 சுத்து சுத்தும். அதாவது நொடிக்கு 12 தட்டு. அது ஆயில் வழியா அப்படியே பெடலுக்கு வந்து நம்ம பாதத்துல தெரியும்.

கிளட்ச் மேல கால் வச்சே ஓட்டுறது கெட்ட பழக்கம்தான். பேரிங்கும் டிஸ்க்கும் சீக்கிரம் தேயும். ஆனா அதுக்கு மாசக்கணக்கு ஆகும். புதுசா மாட்டின பிளேட்டை மூணு நாள்ல ஒரு பையனோட கால் கோணலாக்க முடியாது. இதைத் தம்பிகிட்ட சொன்னோம். அவன் ஒண்ணும் பேசல, பெடலை மட்டும் மறுபடி மறுபடி மிதிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தான்.

அப்புறம் இந்த நாலு சோதனையையும் அரைப்பக்கத் தாள்ல எழுதி, மறுநாள் தம்பியையே ஓட்டச் சொல்லிப் பட்டறைக்குப் போனோம். சண்டை போடல. "உங்க வேலை சரியில்ல"ன்னும் சொல்லல. தாளைக் கொடுத்தோம். போர்மேன் படிச்சுப் பாத்துட்டு, தானே ஏறி உட்கார்ந்து மிதிச்சார். கொஞ்ச நேரம் யோசிச்சவர், கியர் பாக்ஸை இறக்கச் சொன்னார்.

ஃபேக்டரியில சொல்லிட்டு எடுத்துட்டு வந்த டயல் கேஜை ஃப்ளைவீல்ல வச்சுப் பாத்தோம். 0.04 மில்லிமீட்டர் ஆட்டம்தான், நல்லாவே இருக்கு. விரல்களை அளந்தா ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம். ஃப்ளைவீல்ல பிளேட்டை நிறுத்துற சின்னப் பின் ஒண்ணோட விளிம்புல பிசிர். அதனால அந்தப் பக்கம் பிளேட் முழுசா உட்காரல. உட்காராததை ஏர் கன் வச்சு ஒரேயடியா இறுக்கினதுல பிளேட் கோணிக்கிச்சு. அந்த போல்ட்டுங்களை எதிர் எதிரா, கொஞ்சம் கொஞ்சமா, கையாலதான் இறுக்கிக்கிட்டு வரணும்.

போர்மேன் மழுப்பல. அன்னைக்கு புதுப் பையன் மாட்டினான், தான் பாக்காம விட்டதுன்னு சொன்னார். பிசிரைத் தேய்ச்சு எடுத்து, வேற பிளேட் வாங்கித் தன் கையாலேயே மாட்டினார். காசை எடுத்தோம். "தாக் பாயா"ன்னு கையை ஆட்டிட்டார். ஆக, உபயக் காசுல ஒரு வெள்ளிகூட அதிகமா போகல. ரெண்டு ரசீதும் அறிவிப்புப் பலகையில ஒட்டியிருக்கோம். யார் வேணும்னாலும் பாக்கலாம். அந்தக் கடையோட படம் ஃபேஸ்புக்ல போயிருந்தா, இன்னைக்கு அந்த மனுஷன் முகத்துல நாம எப்படி முழிக்கிறது?

உங்க வண்டியில இப்படி வந்தா நாலு விஷயத்தை எழுதிட்டுப் போங்க: எஞ்சின் அணைச்சிருந்தா அதிர்வு வருதா, பெடல் எவ்வளவு தூரம் இறங்கினதும் ஆரம்பிக்குது, எஞ்சின் வேகத்தோட கூடுதா, வண்டி நகரும்போது மட்டும் உதறுதா. "ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொன்னா எந்த போர்மேனுக்கும் புரியாது. வண்டி ஓடுதேன்னு அப்படியே விடவும் வேணாம். விட்டா புது பேரிங்கும் சீக்கிரம் போயிடும். கியர் பாக்ஸை மறுபடி இறக்குற கூலி உங்க தலையில விழும்.

வர்ற வெள்ளியிலிருந்து வேன் வழக்கம்போல சாயங்காலம் 5.30க்குக் கிளம்பும். தம்பிதான் ஓட்டுறான். குழுவுல அவனைப் பத்தி எழுதினவங்க ஏறும்போது ஒரு வார்த்தை நல்லதா பேசுங்க, அது போதும். தைப்பூசத்துக்கு பத்துமலைக்குத் தண்ணியும் சாப்பாடும் கொண்டுபோக இன்னும் ரெண்டு ஓட்டுநர் வேணும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசல்ல ஒரே ஆள் கிளட்ச் மிதிச்சா முட்டி கழண்டுடும். மானுவல் லைசென்ஸ் இருக்குறவங்க ஆலய ஆபீஸ்ல பேர் கொடுங்க.

முருகா சரணம்.