தாகத்துக்குத் தண்ணீர்

பாம்பு பால் குடிக்குமா என்று கேட்டால், குடிக்கும். பல நாள் சொட்டுத் தண்ணீர் காட்டாமல் கூடையில் போட்டு மூடிவைத்தால், எதை ஊற்றினாலும் குடிக்கும். என் சின்ன வயதில் எங்கள் ஊரான குலசேகரன்பட்டினத்துத் தெருவில் பாம்பாட்டி கூடையைத் திறந்ததும், நல்லபாம்பு கிண்ணத்துப் பாலில் வாய் வைக்கும். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். உள்ளே அது காய்ந்து கிடந்தது ஒருவருக்கும் தெரியாது. தாய்ப்பால் குடித்து வளர்கிற இனமில்லை அது. பாலைச் செரிக்கும் வயிறு அதற்குக் கிடையாது. தவிப்பில் இழுக்கும் பால் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடுவதும் உண்டு. வடக்கே நாகபஞ்சமிக்காகத் தண்ணீரில்லாமல் அடைக்கப்பட்டு, பால் ஊற்றப்பட்டு, பிறகு செத்துப்போன நாகங்கள் ஏராளம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பாம்பாட்டிகள் குறைந்தார்கள். பால் ஊற்றுவது மட்டும் நிற்கவில்லை. ஆடி வெள்ளிக்கு ஆடி வெள்ளி புற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தப் புற்றைக் கட்டியது கறையான். உள்ளே அது காத்துவைத்திருக்கும் ஈரத்துக்காகவும் குளிர்ச்சிக்காகவும்தான் பாம்பு அங்கே போய் அடைகிறது. எங்கள் பக்கத்துக் குதிரைமொழித் தேரியில் சித்திரை மத்தியானம் நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். செம்மணலில் வெறுங்கால் வைக்க முடியாது. உடைமர நிழலும் சுடும். அந்த மண்ணில் பிழைக்கிற உயிர், கிடைத்த ஈரத்தைக் கைவிடாது. நாம் சிறுநீராக வெளியேற்றுவதைப் பாம்பு யூரிக் அமிலமாக்கி, சுண்ணாம்புக் கட்டிபோல் வெள்ளையாகக் கழித்துவிடுகிறது. விழுங்கிய எலியின் உடம்பிலேயே பெரும்பங்கு தண்ணீர்தான். இவ்வளவு சிக்கனமாக இருந்தும் அதற்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும்.

குடிக்கும் விதம் பார்க்க வேண்டிய ஒன்று. பிளந்த நாக்கால் நக்காது; அந்த நாக்கு மோப்பத்துக்கு. முகவாயைத் தண்ணீரில் லேசாக அமிழ்த்தி, அசைவே தெரியாமல் குடிக்கும். வாயை விரித்துச் சுருக்கி உறிஞ்சுகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்து டேவிட் கண்டல் 2012-இல் வேறொன்றைக் காட்டினார். பெரிய இரையை விழுங்கும்போது வாய் விரிய வேண்டுமே, அதற்காகக் கீழ்த்தாடைக்குள் சதை மடிப்புகள் இருக்கின்றன. அந்த மடிப்புகளில் தண்ணீர் தானாக ஊறி ஏறுகிறது; தசைகள் அதைப் பிழிந்து தொண்டைக்குள் தள்ளுகின்றன. பச்சைப்பாம்பு இலையில் தங்கிய துளிகளைக் குடிக்கும். அமெரிக்கப் பாலையின் கிலுகிலுப்பைப் பாம்பு மழையில் உடம்பைச் சுருட்டித் தட்டையாக்கி, தன் தோலில் சேர்ந்த தண்ணீரையே குடிக்கும்.

டெக்சாஸில் இருக்கும் என் தங்கை பேரன் ஒரு சோளப்பாம்பு வளர்க்கிறான். அங்கே அதற்குத் தடையில்லை. “தாத்தா, நம்ம ஊர்ல பால் ஊத்துவாங்கள்ல, இதுக்கும் கொஞ்சம் வைக்கட்டுமா?” என்று போனில் கேட்டான். “வேண்டாம்யா. தண்ணி வை. அது சுருண்டு உள்ள கெடக்குற அளவுக்கு அகலமான சட்டியா வை. தினமும் மாத்து” என்றேன். ஈரம் குறைந்தால் பாம்பின் தோல் சுருங்கும். சட்டை முழுசாகக் கழலாமல் துண்டு துண்டாக உரியும்; கண்மேல் இருக்கும் பழைய தோல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வாய்விட்டுக் கேட்கத் தெரியாத பிராணிக்கு இவைதான் கேட்கும் வழி. நம் நாட்டில் நல்லபாம்பையோ சாரையையோ வீட்டில் வைத்து வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் சிலர் வெளிநாட்டுப் பாம்புக்கு ஆசைப்படுகிறார்கள். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்த மலைப்பாம்புக் குட்டிகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் ஏது? இந்த ஆசை நமக்கு வேண்டாம்.

பாம்பைப் பிடித்து வைப்பதிலும், 1978-இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் வேறொரு முறை இருக்கிறது. விஷமுறிவு மருந்துக்காகப் பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, சில வாரம் விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சங்கத்துப் பாம்புபிடிப்பவர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

எங்கள் ஊர்க் கடலிலும் தாகம் உண்டு. வலையில் ஏறும் கடற்பாம்பு கடல்நீரையே குடித்து உப்பைக் கழித்துவிடும் என்றுதான் படித்தவர்களும் நம்பினார்கள். உப்பைக் கழிக்க அதன் நாக்கடியில் சுரப்பி இருப்பது உண்மைதான். ஆனால் புளோரிடா பல்கலைக்கழகத்து ஹார்வி லில்லிவைட் சோதித்தபோது, தாகத்தில் வாடினாலும் அவை உப்புத்தண்ணீரைத் தொடவில்லை. கோஸ்டா ரிகா கரையில் மஞ்சள்வயிற்றுக் கடற்பாம்புகள் ஆறேழு மாதம் மழையில்லாமல் வற்றிக் கிடந்து, மழை பெய்ததும் கடல்மேல் மெல்லிசாக மிதக்கும் நல்ல தண்ணீரைக் குடிப்பதை 2014-இலும் 2019-இலும் எழுதினார். அதே இனம் நம் கடலிலும் இருக்கிறது. எங்கள் ஊர் முத்தாரம்மன் கோயில் தசராக் கூட்டம் கலைந்து ஐப்பசி மழை பிடிக்கும்போது, கடலுக்குள்ளும் காத்திருக்கிற உயிர்கள் உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

எழுபதைத் தாண்டியவன் என்பதால் மனிதர் தாகத்தைப் பற்றியும் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. வயது ஏற ஏறத் தாகம் எடுப்பதே தெரியாது. உடம்பு வற்றும், வாய் கேட்காது. ராத்திரி கழிப்பறைக்குப் போகத் துணை வேண்டுமே, தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டுமே என்று வேண்டுமென்றே குடிக்காமல் படுக்கிற கிழவிகள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். பிள்ளைகள் துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் சத்துமாவு டப்பாக்களாக அனுப்புகிறார்கள். அன்புக்குக் குறைவில்லை. கட்டிலை ஒட்டி, கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்காது. கொடுக்கிறவர் மனசு எதில் நிறைகிறதோ அதைக் கொடுக்கிறோம். வாங்குகிற உடம்பு எதற்குக் காய்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. சாகக் கிடப்பவர் வாயில் பால் ஊற்றும் வழக்கத்தை நான் பழிக்கவில்லை. அதற்கு முந்தின மாதங்களில் வேளாவேளைக்குத் தண்ணீர் கொடுத்தார்களா என்றுதான் கேட்கிறேன்.

கோடை வந்தால் பாம்புகள் குளியலறைப் பக்கமும் தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் வரத்தான் செய்யும். ஈரமும் தவளையும் அங்கேதான் இருக்கின்றன. கம்பை எடுக்காதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். வந்து பிடித்துக் காட்டில் விடுவார்கள். விளை, தோப்பு இருக்கிறவர்கள், வீட்டை விட்டுத் தள்ளி, வேலி ஓரத்தில் ஓர் ஆழமில்லாத தொட்டி வைத்து, பங்குனியிலிருந்தே நிரப்பி வையுங்கள். ஏறி வர உள்ளே ஒரு கல் போடுங்கள். கீரியும் மைனாவும்கூட அதில்தான் குடிக்கும்.