சாட்சியம் சொல்லும் முன்

எங்கள் எதிர்வீட்டு லாத்தா சமோசா செய்து விற்றுக் குடும்பம் நடத்துபவர். சென்ற வாரம் அவர், “நீங்க வாங்குன ஃபுட் பிராசஸர் எப்படிம்மா இருக்கு? நானும் ஒண்ணு வாங்கலாமா?” என்று கேட்டார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எங்கள் சொல்லை நம்பிச் செலவிடப் போகிறார். ஆகவே எங்கள் பதிலும் ஓர் அமானிதமே.

உண்மையில் அந்த இயந்திரத்தின் மீது எங்களுக்குக் கோபம் இருந்தது. பெட்டியில் 600 வாட்ஸ் என்று அச்சிட்டிருந்ததையும் விலை மலிவாக இருந்ததையும் பார்த்து ஷஅபானில் வாங்கினோம். வெங்காயம் நறுக்குவதிலும் இஞ்சி பூண்டு அரைப்பதிலும் குறையில்லை. ரமழானில் ஒருநாள், அஸருக்குப் பின் மாவு பிசையும்போது கருகல் வாடை எழுந்தது, இயந்திரம் நின்றுவிட்டது. ‘மலிவுப் பொருள் இப்படித்தான்’ என்று முடிவு கட்டினோம்.

மறுநாள் பழுதுபார்ப்பவர் அதன் அடியிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார், ஓடியது. சூடு மிகும்போது மோட்டாரைக் காக்கவே அது மின்சாரத்தைத் துண்டிக்கிறதாம். குளிர்விக்கும் விசிறியும் மோட்டாரின் தண்டிலேயே சுழல்வதால், கெட்டி மாவு வேகத்தைக் குறைக்கும்போது காற்றும் குறைந்துவிடும் என்றார். கையேட்டில் கண்ட அளவைப்போல் இருமடங்கு மாவை இட்டவர்கள் நாங்கள். ஐந்து நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லியிருந்ததையும் படிக்கவில்லை.

ஆயினும் இயந்திரத்தின் மீதும் குறை உண்டு. கிண்ணத்தைப் பூட்டும் பிளாஸ்டிக் முனை எட்டாம் மாதத்தில் விரிந்தது. மாற்றுக் கிண்ணம் தேடியும் கிடைக்கவில்லை. மோட்டார் நன்றாக இருந்தும் கிண்ணமின்றிப் பயனென்ன? வாட்ஸ் என்பது இயந்திரம் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. அதன் ஆயுளைச் சொல்வதன்று. கப்ளர், கார்பன் பிரஷ், வாஷர் போன்றவை பயன்பாட்டில் தேயும். தேய்ந்ததை மாற்ற முடிந்தால்தான் அது உழைக்கும்.

லாத்தாவிடம் இரண்டு பக்கத்தையும் சொன்னோம்; எங்கள் தவற்றையும் மறைக்கவில்லை. “காய் நறுக்க இது போதும் லாத்தா. தினமும் கிலோக்கணக்கில் மாவு பிசைய இது தாங்காது. வாங்குமுன் கிண்ணமும் கப்ளரும் தனியே கிடைக்குமா என்று கேளுங்கள், மூடியை நாலைந்து முறை பூட்டித் திறந்து பாருங்கள்” என்றோம்.

அவர் இன்னும் வாங்கவில்லை. கடை கடையாய் உதிரிப் பாகங்களை விசாரித்துக்கொண்டிருக்கிறார். அல்லாஹ் அவருடைய ரிஸ்கில் பரக்கத் செய்வானாக.